கறுப்பு ஒயர் இல்லாத கல்யாண வேன்

காரைக்குடியில் ஆசைத்தம்பியின் கடை எங்கே என்று யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. செக்காலை ரோட்டில் நடந்துகொண்டே இருங்கள். எந்த டீக்கடையில் கிளாஸ் தானாக மேசைமேல் நகர்ந்து விளிம்புக்குப் போகிறதோ, அதற்கு அடுத்த கடை. டீக்கடைக்காரர் தொடக்கத்தில் சண்டைதான் போட்டார். பிறகு ஈரத்துணியை விரித்து அதன்மேல் கிளாஸை வைக்கக் கற்றுக்கொண்டார். இப்போது ஆசைத்தம்பி கடை திறக்காத நாளில் அவரே போன் போட்டு, என்னப்பா ஊரே சவமாக் கிடக்கு என்று விசாரிக்கிறார்.

ஆசைத்தம்பிக்குத் தொழில் கார்களுக்கு ஒலி கட்டுவது. பாட்டுப்பெட்டி மாட்டுகிறவர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். பாட்டுப்பெட்டியை யார் வேண்டுமானாலும் மாட்டலாம், கட்டுவது வேறு என்பது அவன் கட்சி. மரவேலை செய்கிற ஆசாரி வீட்டில் பிறந்தவன். பங்காளிகள் எல்லாரும் நிலைக்கதவும் மாடுலர் கிச்சனும் செய்து நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஊஃபர் பெட்டி செய்யப் போனான். ஊஃபர் என்பது அடிச்சத்தத்தை மட்டும் எடுத்துக் குத்துகிற பெரிய ஸ்பீக்கர். காதைவிட நெஞ்சுக்கூட்டுக்குத்தான் அது அதிகம் கேட்கும். அதை உட்கார்த்துகிற மரப்பெட்டியில் ஒரு நூல் பிசகினாலும் சத்தம் உளறத் தொடங்கிவிடும். பிசகாமல் செய்ய ஆசாரி கை வேண்டும், அந்தக் கை இவனுக்கு இருந்தது. வாயும் இருந்தது, கையைவிடக் கொஞ்சம் நீளமாகவே.

கடைக்கு வருகிறவர்களுக்கு டீ வருகிறதோ இல்லையோ பாடம் வந்துவிடும். ஒரு காரில் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கிற ஆம்ப் ஒன்றே ஒன்று வைத்தால் பிள்ளை விளையாட்டு, பல ஆம்ப் வைத்தால்தான் கல்யாணம் என்று தொடங்குவான். நாலு பந்தி ஒரே நேரத்தில் நடக்கிறது, சாம்பார் வாளி ஒன்றுதான், என்ன ஆகும்? கடைசிப் பந்திக்கு அடிச்சாம்பார்கூடக் கிடைக்காது என்று வந்தவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இவனே சொல்லிக்கொள்வான். பந்திதான் ஆம்ப், சாம்பார்தான் கரண்ட். அதனால் பேட்டரியிலிருந்து பெருவிரல் தடிமனில் கேபிள் வர வேண்டும். பேட்டரியை விட்டு இறங்கியதுமே ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டும். பின்னால் வந்து பிரிகிற இடத்தில் ஆம்புக்கு ஒரு ஃப்யூஸ் வேண்டும். எல்லா ஆம்பின் எர்த்தும் பெயிண்டைச் சுரண்டிய வெறும் தகட்டில், ஒரே இடத்தில் இறுக வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை முறுக்க முறுக்கப் பாட்டுக்குள் ஒரு கொசுவும் சேர்ந்து பாடும்.

இதெல்லாம் சொல்லி முடித்து, கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொல்வான்.

"ஒரு பீரோவை ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு தள்ளுனா நகருமா? நகராதுல்ல. ரெண்டு ஊஃபரும் அப்படித்தேன். ஒண்ணு தள்ளும்போது ஒண்ணு இழுத்துச்சுன்னா, ஒண்ணை ஒண்ணு முழுங்கிரும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இதை மறந்தவன் கடையை மூடிட்டு முறுக்குப் பிழியப் போயிரலாம்."

இந்த முறுக்கு வாக்கியம் தேவகோட்டை வரைக்கும் பிரபலம். அங்கே இதே தொழில் செய்கிற இளமாறன், ஆசைத்தம்பிக்கு நண்பனா எதிரியா என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. ஒருவன் கட்டிய வண்டி ஊருக்குள் வந்தால் மற்றவன் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே பைக்கில் போய்க் குறை கண்டுபிடித்து வருவான். தீபாவளிக்கு மட்டும் பலகாரம் மாற்றிக்கொள்வார்கள்.

இப்படிப் பேசியே வளர்ந்த ஆசைத்தம்பியின் கடைக்குத்தான் ஒருநாள் பள்ளத்தூரிலிருந்து ஆதித்தன் காரைக் கொண்டுவந்தான். நகைவேலை செய்கிற ஆசாரிக் குடும்பம். கூடவே தங்கச்சி சிந்துவும் வந்திருந்தாள். பள்ளத்தூரில் ரவிக்கைகளுக்கு ஆரி ஊசியால் பூவேலை செய்து கொடுப்பவள், கல்யாண வீடுகளில் நல்ல பெயர். ஆதித்தன் ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, சிந்து காருக்குள் உட்கார்ந்திருந்தாள். ஆசைத்தம்பி அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு பாடத்தைத் தொடங்கினான். பந்தி, சாம்பார், கொசு எல்லாம் வந்தது. அவள் திரும்பவே இல்லை. திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டு பீரோவையும் இறக்கினான். அதற்கும் அசையவில்லை.

அவளுக்குக் காது கேட்காது என்று ஆதித்தன் வந்து சொன்ன பிறகுதான், அவ்வளவு நேரமும் ஒரு பின்னலுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம் என்று இவனுக்குத் தெரிந்தது. மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது வந்த காய்ச்சல் இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மிஷின் வைத்துப் பார்த்தாள். அதில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு இரைச்சல்தான் வந்தது, கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வாள். பேச்சும் நன்றாக வரும். என்ன ஒன்று, தன் குரலின் அளவு தனக்குத் தெரியாது. அவள் ரகசியம் சொன்னால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

வெட்கத்தை மறைக்க ஆசைத்தம்பி போய் ஊஃபரைத் திறந்துவிட்டான். டீக்கடையில் கிளாஸ் நகர்ந்தது. சிந்து சடாரென்று உள்ளங்கையை சீட்டில் வைத்தாள். பிறகு கதவில் வைத்தாள். பிறகு தன் நெஞ்சில் வைத்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அந்தக் கடையில் அதுவரை காதைப் பொத்திக்கொண்டவர்களைத்தான் பார்த்திருக்கிறோம், இப்படிச் சிரித்தவரை யாரும் பார்த்ததில்லை.

"இம்புட்டு நாளா இதை எங்க வச்சிருந்தீக?" என்று கேட்டாள். செக்காலை ரோடே திரும்பிப் பார்த்தது.

ஆசைத்தம்பி அன்றைக்கே விழுந்துவிட்டான். எழுந்திருக்கிற உத்தேசமும் இல்லை. ஆதித்தனின் காரில் அதற்குப் பிறகு வராத கோளாறெல்லாம் வந்தது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். ஒரே சாதிசனம், ஒரே ஊர்ப் பக்கம், சொந்தக் கைத்தொழில், மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. இவன் அம்மா நாகவல்லி மட்டும் காது கேட்காத பெண்ணா என்று ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் தன் மகன் வாயைப் பற்றி நினைத்துப் பார்த்துவிட்டு, இவனுக்கு இவள்தான் சரி என்று அவளே சொல்லிவிட்டாள்.

நிச்சயம் முடிந்து, வெற்றிலை மாற்றிய கையோடு சிந்து அவனைத் தனியே கூப்பிட்டாள். அவள் தனியே பேசியதை முற்றத்தில் இருந்த எல்லாரும் கேட்டார்கள்.

"கல்யாணத்துல எல்லாருக்கும் மேளம் கேக்கும், குலவை கேக்கும். கல்யாணப் பொண்ணு எனக்கு மட்டும் ஊமைப் படமா ஓடும். எல்லாரும் வாயை அசைப்பாக, நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். எனக்கு என் கல்யாண மேளம் வேணும். நீங்கதேன் தரணும்."

"தராட்டி?" என்று இவன் உதட்டை மட்டும் அசைத்தான்.

"தராட்டியும் கட்டிக்கிருவேன். ஆனா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன்."

ஆசைத்தம்பிக்கு உடம்பெல்லாம் பறந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்ணழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் பெண்ணை வண்டியில் வைத்து, முன்னால் மேளம் போக, சீர்த்தட்டோடு பெண்கள் நடக்க, ஊர்வலமாக அழைத்து வருவார்கள். அந்த வண்டியை அவனே கட்டுவது என்று தீர்மானித்தான். பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினான். பின்சீட்டைப் பிடுங்கி எறிந்தான். அந்த இடத்தில் தேக்குச் சட்டமும் பிளைவுட்டும் வைத்து ஒரு நீளப்பெட்டி செய்தான். அந்தப் பெட்டிதான் சீட்டு. அதற்குள் இரண்டு பெரிய ஊஃபர், பெண்ணின் கெண்டைக்காலைப் பார்த்தபடி. வலது ஊஃபருக்கு ஒரு ஆம்ப், இடது ஊஃபருக்கு ஒரு ஆம்ப், கதவுகளில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர்களுக்கு இரண்டு ஆம்ப், நான்கும் முன்சீட்டுக்கு அடியில். தவில்காரர் பெத்தனைப் பார்த்து, தவிலிலும் கூட வருகிற நாயனத்திலும் ஒயர் இல்லாத மைக்கைக் கவ்வவிட ஒப்புதல் வாங்கினான். பெத்தன் முன்னால் அடிக்கிற ஒவ்வொரு அடியும் பின்னால் சிந்துவின் எலும்பில் போய் விழ வேண்டும், அதுதான் திட்டம்.

சேதி தேவகோட்டைக்குப் போயிற்று. ஆம்னிக்குள் நாலு ஆம்பா, வண்டி ஒரு பக்கம் போகும், சத்தம் ஒரு பக்கம் போகும், நான் வந்து பார்க்கிறேன் என்று இளமாறன் சொல்லியனுப்பினான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாகவல்லி கடைக்கு வருகிற வரைக்கும். வேனுக்குப் பூக்கட்ட அளவு பார்க்க வந்தவள், உள்ளே தலையை விட்டாள். அலறிக்கொண்டு வெளியே வந்தாள். கல்யாண வண்டிக்குள் பாம்பு மாதிரி கறுப்புக் கறுப்பாக என்னடா இது என்று கேட்டாள். மைனஸ் ஒயர் ஆத்தா, கறுப்பாகத்தான் இருக்கும் என்றான். நாகவல்லி அசையவில்லை. கல்யாண வீட்டில் கறுப்புத் துணி கட்டி வந்த ஆளையே வாசலில் நிறுத்தி வேட்டி மாற்றவைத்தவள் அவள். பெண் உட்காருகிற சீட்டுக்கு அடியில் கறுப்பு ஓடினால் மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உலகத்தில் யார் வாதமும் ஆசைத்தம்பியிடம் நிற்காது, நாகவல்லி வாதம் மட்டும் நிற்கும். கறுப்பை எல்லாம் உருவினான். அத்தனையும் சிவப்பாகப் போட்டான். பார்க்க மங்கலமாகத்தான் இருந்தது. நாகவல்லி ஒயருக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்றவன் இப்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்கும் சிவப்பு என்று நின்றான். அதற்கென்ன, மூளை எதற்கு இருக்கிறது? மைனஸ் ஒயரின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் தீர்ந்தது. எல்லா மைனஸ் ஒயரின் நுனியிலும் முடிச்சுப் போட்டான். இடது ஊஃபருக்கு அப்படியே மாட்டினான். வலது ஊஃபரைத் திறக்கிற நேரத்தில் நலுங்கு வைக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போனவனை உட்காரவைத்து, அத்தைமார்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசினார்கள், மஞ்சள் பூசினார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒவ்வொருத்தியும் மூணு முடிச்சு, பார்த்துப் போடு என்று சொல்லிவிட்டுப் போனாள். மஞ்சள் காயாத கையோடு திரும்பி வேனுக்குள் புகுந்தான். ஒயரின் நுனியில் முடிச்சைப் பார்த்தான். இந்த முடிச்சு எதற்கு? மாப்பிள்ளை தலையில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரே முடிச்சுதான். முடிச்சு என்றால் தாலி. தாலியைவிடப் பிளஸ் உலகத்தில் வேறென்ன இருக்கிறது? வலது ஊஃபரில் முடிச்சுப்போட்ட ஒயரைப் பிளஸில் மாட்டி, திருகை இறுக்கி, மேலே பட்டுத்துணியும் அடித்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தான். தன் வாயாலேயே ஊரெல்லாம் சொன்ன பீரோவை, ஆளுக்கு ஒரு பக்கம் நிறுத்திவிட்டு வந்திருக்கிறான், அது அவனுக்குத் தெரியவில்லை.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தான். இடது ஊஃபரைத் தனியாகப் போட்டுப் பார்த்தான், வேன் குலுங்கியது. வலதைத் தனியாகப் போட்டுப் பார்த்தான், டீக்கடைக்காரர் ஓடிவந்தார். இரண்டையும் சேர்த்து மட்டும் போடவில்லை. முழுச்சத்தம் முதல்முதலாக எழும்பும்போது அந்தச் சீட்டில் சிந்துதான் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு சத்தியம் செய்து வைத்திருந்தான். காதல் வந்தவன் செய்கிற வேலையில் பாதி இப்படித்தான் இருக்கும்.

பெண்ணழைப்பு அன்றைக்கு வெயில் இறங்கியதும் பிள்ளையார் கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வேன் முழுக்க மல்லிகைச் சரம். ஆதித்தன் ஓட்டுகிற இடத்தில். மாப்பிள்ளை பெண்ணழைப்புக்கு வரக்கூடாது, மண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆசைத்தம்பி தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். எல்லாருக்கும் தெரிந்தது. நாகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். இளமாறன் கைகளைப் பின்னால் கட்டியபடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

சிந்து வந்து ஏறினாள். அரக்குப் பட்டு, தன் கையாலேயே வேலை செய்த ரவிக்கை, கன்னத்தில் கண்ணேறு படாமலிருக்க அவள் அம்மா வைத்த பெரிய மைப்பொட்டு. பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் பட்டுத்துணிமேல் அகல விரித்து வைத்தாள். ஆசைத்தம்பியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். இவன் நெஞ்சு அப்போதே தவிலாகிவிட்டது.

பெத்தன் குச்சியைத் தூக்கினார். ஆசைத்தம்பி ஸ்விட்சைப் போட்டான்.

நாயனம் கதவுகளிலிருந்து கணீரென்று கிளம்பியது. கூட்டம் ஆகா என்றது. பெண்கள் குலவையிட்டார்கள். பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். ஆனால் வேனுக்குள்ளிருந்து வர வேண்டிய தவில் எங்கே? தகர டப்பாவை யாரோ விரலால் தட்டுகிற மாதிரி டக்கு டக்கு என்று ஒன்று கேட்டது. அடியில் இருக்க வேண்டிய அந்தக் கனம், அந்த முழக்கம், அது அறவே இல்லை. ஆசைத்தம்பி திரும்பிப் பார்த்தான். சிந்து கையை விரித்தபடியே இருந்தாள். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளைச் சுற்றி ஊரே ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"மேளம் இன்னும் ஆரம்பிக்கலையா?"

அவளுக்கு அது மெல்லக் கேட்ட கேள்விதான். ஊர்வலத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. ஆடிக்கொண்டிருந்த பையன்கள் நின்றார்கள். குலவை பாதியில் அறுந்தது. பெத்தன் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஆசைத்தம்பி அவசரமாகக் குமிழைப் பிடித்தான். சத்தத்தைக் கூட்டினான். டப்பா இன்னும் பெரிய டப்பாவாயிற்று. துண்டை எறிந்துவிட்டுப் பட்டு வேட்டியோடு சீட்டுக்கு அடியில் தலையை விட்டான். ஃப்யூஸ் எல்லாம் நன்றாக இருந்தது. எர்த் இறுக்கமாக இருந்தது. நான்கு ஆம்பிலும் பச்சை விளக்கு சிரித்துக்கொண்டிருந்தது. வெளியே வேட்டி நுனியும் இரண்டு பாதமும் மட்டும் தெரிய, மாப்பிள்ளை உள்ளேயிருந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஆம்ப் போய்விட்டது என்று இளமாறன் தீர்ப்புச் சொன்னான். சொல்லும்போது அவனுக்கும் முகம் நன்றாக இல்லை. கேலி செய்யத்தான் வந்திருந்தான், இந்த அளவுக்கு அவன் கேட்கவில்லை.

சிந்து ஆசைத்தம்பியின் பாதங்களைப் பார்த்தாள். பச்சை விளக்கைப் பார்த்தாள். பெத்தனின் கை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டிலிருந்து இறங்கி, வேனுக்குள்ளேயே குந்தினாள். பெட்டியின் முன்னால் தொங்கிய துணியை விலக்கினாள். வலது கையின் விரல்நுனியை ஒரு ஊஃபரிலும் இடது கையின் விரல்நுனியை மற்றதிலும் வைத்தாள். அவள் அம்மா ஐயோ புடவை என்றது அவளுக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். பெத்தன் ஓங்கி ஓர் அடி அடித்தார். இன்னோர் அடி அடித்தார். ஆரி ஊசியை நூலிழையில் பார்த்துக் குத்துகிற விரல்கள் அவை. சிந்துவின் புருவம் சுருங்கியது, பிறகு விரிந்தது. காலால் ஆசைத்தம்பியை ஒரு தட்டுத் தட்டினாள்.

"இங்குட்டு இருக்கது என் விரலைத் தள்ளுது. அங்குட்டு இருக்கது இழுக்குது. ரெண்டும் சண்டை போடுதுக."

ஆசைத்தம்பி தலையைத் தூக்கிய வேகத்தில் சீட்டுக்கம்பியில் இடித்துக்கொண்டான். வலிகூடத் தெரியவில்லை. நலுங்கு, மஞ்சள், அத்தைமார்கள், மூணு முடிச்சு, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"பீரோ" என்றான்.

கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. இளமாறனுக்குப் புரிந்தது. அவன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, முறுக்கு எந்த எண்ணெயில் பிழியப் போறே என்று கேட்டான்.

ஒரு ஊஃபரில் இரண்டு ஒயரை இடம் மாற்றியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பதற்றத்தில் யாருக்கு அது தோன்றும்? ஆம்பை அணைத்துவிட்டு, இரண்டு ஊஃபரிலிருந்தும் ஒயரை எல்லாம் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் முடிச்சுகளும் அவிழ்ந்தன. இப்போது அவன் கையில் சிவப்பாக நாலு வால்கள் தொங்கின. எது பிளஸ், எது மைனஸ் என்று போட்டவனுக்கும் தெரியாது, போடச் சொன்னவளுக்கும் தெரியாது. ஆசைத்தம்பி அந்த வால்களைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். நாகவல்லி முதல்முறையாக வேறு பக்கம் பார்த்தாள்.

சிந்துதான் வழி சொன்னாள். ஒயரின் ஒரு நுனி இங்கே இருக்கிறது, மறுநுனி முன்னால் ஆம்பில் இருக்கிறது. ஆம்பில் எது மைனஸ் என்று எழுதியிருக்கும் அல்லவா? அங்கே போய் அதைப் பிடித்து இழுங்கள், இங்கே எது ஆடுகிறது என்று நான் பார்க்கிறேன் என்றாள். இப்படி ஒன்று தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கப்படக்கூட ஆசைத்தம்பிக்கு நேரமில்லை. மறுபடியும் சீட்டுக்கு அடியில் புகுந்தான். நாலு வாலையும் சிந்து தன் உள்ளங்கையில் தளர்வாக வைத்துக்கொண்டாள். முன்னால் அவன் மெல்ல இழுத்தான். பின்னால் ஒரு வால் அவள் உள்ளங்கையில் ஊர்ந்தது. அவள் சிரித்தாள். இன்னொரு தடவை இழுங்கள் என்றாள். தெரிந்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு தடவை இழுக்கச் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின நாள், பெண்ணும் மாப்பிள்ளையும் தொட்டுக்கொள்ளாமல், நடுவில் ஒரு ஒயரை வைத்துக்கொண்டு விளையாடுவதை ஊரே நின்று பார்த்தது.

கண்டுபிடித்த ஒயரை மறந்துவிடாமல் ஒரு அடையாளம் வைக்க வேண்டுமே. சிந்து சுற்றிலும் பார்த்தாள். பிறகு விரலைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். அம்மா வைத்த மைப்பொட்டில் தொட்டு, அந்த விரலால் சிவப்பு ஒயரின் நுனியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். அடுத்த ஒயருக்கும் ஒன்று வைத்தாள்.

கறுப்பு. கல்யாண வண்டிக்குள், பெண்ணின் சீட்டுக்கு அடியில், பளிச்சென்று கறுப்பு. கூட்டம் முழுவதும் மெல்லத் திரும்பி நாகவல்லியைப் பார்த்தது. ஆசைத்தம்பி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தான். நாகவல்லி வேனுக்குக் கிட்டே வந்தாள். மருமகளின் கன்னத்தைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள்.

"அது திருஷ்டிப் பொட்டு. அது இருக்கலாம்" என்றாள். பிறகு குனிந்து மகனைச் சுட்டிக்காட்டி, "இவன் கன்னத்துலயும் ஒண்ணு வையி தாயி, ஊருக் கண்ணெல்லாம் இவன் மேலதேன் கெடக்கு" என்றாள்.

சிந்து வைத்தாள். பெரிதாகவே வைத்தாள்.

பொட்டு வைத்த ஒயரெல்லாம் மைனஸுக்குப் போயின, பொட்டில்லாதவை பிளஸுக்குப் போயின. இளமாறனே உள்ளே வந்து திருகுகளை இறுக்கிக் கொடுத்தான். கொடுக்கும்போது பெட்டியின் மூலைப் பொருத்தத்தைத் தடவிப் பார்த்து, ஒரு குறையும் கண்டுபிடிக்காமல் போனான். அவனிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு. சிந்து ஏறி உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, மறுபடியும் கைகளை விரித்து வைத்தாள். ஆசைத்தம்பி பிள்ளையாரை ஒருதடவை பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான். பெத்தன் குச்சியை ஓங்கினார்.

விழுந்தது அடி. வேன் கூரையிலிருந்த மல்லிகை உதிர்ந்தது. கண்ணாடிகள் நடுங்கின. முன்வரிசையில் நின்ற பெண்கள் சீர்த்தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், தட்டில் எலுமிச்சம்பழம் உருண்டது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள், ஆசைத்தம்பி சிந்துவை மட்டும் பார்த்தான். அவள் உள்ளங்கையில் தொடங்கி முழங்கைக்கு ஏறி, தோளுக்கு வந்து, கழுத்து மணிகளை ஆட்டிக்கொண்டு அது போனது அவனுக்குத் தெரிந்தது. அவள் கண் அகலமாயிற்று. அவள் தலை தவிலோடு ஆடத் தொடங்கியது, ஓர் அடிகூடப் பிசகாமல். பெத்தன் வேண்டுமென்றே ஓர் இடத்தில் நிறுத்தினார். அவளும் நின்றாள். பெத்தன் திரும்ப அடித்தார், அவளும் ஆடினாள். பெத்தனுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. அவர் வயசுக்கு ஆகாத வேகத்தில் இறங்கினார்.

அப்போதுதான் சிந்து அந்தக் காரியத்தைச் செய்தாள். கல்யாணப் பெண் தலையைக் குனிந்துதான் உட்கார வேண்டும், குலவை மற்றவர்கள் போட வேண்டும். அவள் தலையை அண்ணாந்து, வாயருகே கையை வைத்து, நாக்கைச் சுழற்றி, தன் கல்யாணத்துக்குத் தானே ஒரு குலவை போட்டாள். மூன்றாம் வகுப்புக்கு முன்னால் கேட்டது, பிறகு இத்தனை வருஷமாகப் பெண்களின் நாக்கைப் பார்த்து மட்டுமே மனசில் வைத்திருந்தது. அது அப்படியே, கொஞ்சமும் சுருதி பிசகாமல், அவளுக்கே உரிய அளவில்லாத சத்தத்தில் தெருவை நிறைத்தது. பெண்கள் திகைத்துப் போனார்கள். நாகவல்லிதான் முதலில் சுதாரித்தாள். தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடவே எடுத்தாள். அப்புறம் தெருவில் இருந்த அத்தனை பெண்களும் எடுத்தார்கள்.

மூச்சு வாங்க நிறுத்திய சிந்து, ஆசைத்தம்பியைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"நான் சரியாப் போட்டேனா?" என்று கேட்டாள்.

ஆசைத்தம்பி வாயைத் திறந்தான். பந்தியும் சாம்பாரும் பீரோவும் நாள் முழுக்க வந்த வாயில் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணில்தான் வந்தது, கன்னத்து மையைக் கரைத்துக்கொண்டு. அவன் முன்பக்கம் திரும்பி, ஊஃபரின் குமிழை அது போகிற மட்டும் திருப்பிவிட்டான். பின்சீட்டில் இருந்தவளுக்குப் பதில் கேட்டது.